டெல்டா சேற்றில் சிவி ஆக்சில்: பிரித்துக் கட்டுவதா, புதிதாகப் போடுவதா?

இந்தச் சம்பா அறுவடை முழுக்க எங்கள் பிக்கப் முன் ஆக்சில் சத்தம் இல்லாமல் ஓடி முடித்துவிட்டது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே வாய்க்கால் கரைகளில், நெல்லும் வைக்கோல் கட்டும் ஏற்றிக்கொண்டு, மழை விட்டு விட்டுப் பெய்த நாட்களிலும் 4 வீல் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டு ஏறி இறங்கியது. இடது ஆக்சில் பழையதையே பிரித்துக் கட்டியது. வலதுபக்கம் முதலில் வெளிச்சந்தையில் கிடைத்த, வண்டிக் கம்பெனி அல்லாத வேறு ஆள் செய்த புது ஆக்சில் போட்டோம். அது கைவிட்ட பிறகு, பழைய ஒரிஜினல் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கட்டினோம். இரண்டும் ஒரு முழுப் பருவம் தாங்கிவிட்டதால் இப்போது தைரியமாக எழுதலாம்.

வண்டி இரட்டை கேபின் பிக்கப். 2.5 லிட்டர் டீசல், செகண்ட்ஹேண்டில் வாங்கியது, ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டியது. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. ஸ்கார்பியோ கெட்அவே, ஜெனான், வி-கிராஸ் மூன்றின் 4 வீல் மாடல்களிலும் முன் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்புதான். இடது வலது சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில் இருந்து சக்கரத்துக்கு அதைக் கொண்டுபோவது சிவி (கான்ஸ்டன்ட் வெலாசிட்டி) ஆக்சில். ஓர் ஆக்சிலுக்கு இரண்டு ஜாயிண்ட்: சக்கரப் பக்கம் வெளி ஜாயிண்ட், டிஃபரன்ஷியல் பக்கம் உள் ஜாயிண்ட். ஒவ்வொன்றின் மேலும் மடிப்பு மடிப்பாக ஒரு பூட் ரப்பர், அதற்குள் கிரீஸ். அந்த ரப்பர் முழுசாக இருக்கும் வரை உள்ளே இருக்கும் இரும்புக்கு எளிதில் ஒன்றும் ஆகாது. நம் பக்கத்தில் ஆக்சில் தேய்ந்து சாவது குறைவு. சேறு புகுந்துதான் சாகிறது.

சத்தம் எப்போது கேட்கும்

இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலர் ஏமாறும் இடம் இதுதான். எங்கள் வண்டி போல முன் ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) தனியாக லாக் இல்லாத வண்டிகளில், 2 வீலில் ஓடும்போதும் முன் ஆக்சில் சக்கரத்தோடு சேர்ந்து சும்மா சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அதன் வழியாக இழுவை போகாது. அதனால் ஜாயிண்ட் எவ்வளவு கெட்டிருந்தாலும் தார் ரோட்டில் பெரும்பாலும் சத்தமே வராது. மன்னார்குடி போய் வருவீர்கள், நாகப்பட்டினம் போய் வருவீர்கள், வண்டி அருமையாக இருக்கிறது என்றுதான் தோன்றும். ஐப்பசி மழையில் கரை வழுக்கும்போது 4 வீல் போடுவீர்கள். அன்றைக்குத்தான் அது வாயைத் திறக்கும்.

அதனால் சோதனையைத் தார் ரோட்டில் செய்யக்கூடாது. அங்கே 4 வீல் போட்டு வளைத்தால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். நல்ல ஆக்சிலுக்கும் கேடு. காய்ந்த களம், அறுத்த வயல், மணல் போன்ற இளகிய தரையில் 4-ஹையில் (4 வீலின் வேக கியர்) போட்டு, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, மெதுவாக ஒரு வட்டம் அடிக்க வேண்டும். வளைவில் ‘டக் டக் டக்’ என்று சக்கரம் சுற்றும் வேகத்துக்கு ஏற்பச் சத்தம் வந்தால் வெளி ஜாயிண்ட். முன்னும் பின்னும் மாற்றும்போது ஒரே ஒரு ‘டங்’ வந்தால், அல்லது பாரம் இழுக்கும்போது வண்டி நடுங்கினால் உள் ஜாயிண்ட்டைச் சந்தேகப்பட வேண்டும். எங்களுக்கு வலதுபக்கம் டக் டக், இடதுபக்கம் டங்.

அடியில் படுத்துப் பார்த்தபோது வலது சக்கரத்தின் உள்பக்கம் முழுக்கக் கறுப்புக் கிரீஸ் தெறித்து, அதன் மேல் மண் அப்பியிருந்தது. வெளி ஜாயிண்ட் ரப்பர் ஒரு மடிப்பு சுற்றளவில் பாதி கிழிந்திருந்தது. கிழித்தது எது என்று தேடினால் பக்கத்திலேயே கிடந்தது: வைக்கோல் கட்டும் இயந்திரம் போடும் கயிறு. அறுவடை முடிந்த வயலில் அறுந்த துண்டு துண்டாகக் கிடக்கும் இந்தக் கயிறு சுற்றுகிற ஆக்சிலில் மாட்டி, வைக்கோலையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு, ரப்பரின் மடிப்புக்குள் இறங்கி அறுத்துவிடுகிறது. கத்தியால் கயிறை வெட்டி எடுத்தேன், ஒரு முழம் நீளம் வந்தது. அறுவடைக் காலத்தில் வாரம் ஒருமுறையாவது குனிந்து பார்த்து இதை வெட்டி எடுக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை.

இடதுபக்கம் வெளி ரப்பரில் மயிரிழை வெடிப்புகள்தான். உள் ஜாயிண்ட்டின் சின்ன கிளாம்ப் மட்டும் துருப்பிடித்து விட்டுப்போயிருந்தது. முத்துப்பேட்டைப் பக்கம் இறால் பண்ணைக்குத் தீவனம் ஏற்றிக்கொண்டு போவதுண்டு. கரையோரம் உப்புத் தண்ணீரில் இறங்காமல் வர முடியாது. உப்பு முதலில் தின்பது கிளாம்பைத்தான்.

இன்னொரு காரணமும் இருந்தது. முந்தைய உரிமையாளர் முன் சஸ்பென்ஷனில் இரண்டு அங்குல ஸ்பேசர் வைத்து வண்டியைத் தூக்கியிருந்தார். பார்க்க மிடுக்காக இருக்கும். ஆனால் வண்டி உயர்ந்த அளவுக்கு ஆக்சில் சரிந்து நிற்கும்; நேரே போகும்போதும் ஜாயிண்ட் மடங்கியபடியே சுற்றும்; ரப்பரின் கீழ் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும். அந்த உரசலுக்கு நடுவே காய்ந்த களிமண்ணும் இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போலத்தான். ஸ்பேசரைக் கழற்றிவிட முடிவு செய்தோம். டெல்டா கரைகளில் எங்களுக்குத் தேவைப்பட்டது உயரம் அல்ல, நல்ல டயர்.

கழற்றுவது

பட்டறை மன்னார்குடிப் பக்கம். மெக்கானிக் அண்ணன் டிராக்டரில் ஆரம்பித்து இப்போது எல்லா வண்டியும் பார்க்கிறார். வேலை எங்கள் களத்துக் கொட்டகையிலேயே நடந்தது. முக்கியமான இடங்களில் அவர் வந்து நின்றார்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே ஹப் நட்டைத் தளர்த்திவிட வேண்டும். எங்கள் வண்டிக்கு 36 மி.மீ. சாக்கெட், முக்கால் அங்குல டிரைவ் ராட், அதன் மேல் நாலடி நீள ஜிஐ பைப். மச்சான் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, நான் பைப்பின் நுனியில் முழு பாரத்தையும் போட்ட பிறகுதான் அசைந்தது. முதல் நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்தது உதவியது.

களிமண் தரையில் ஜாக்கி ஸ்டாண்டை அப்படியே வைத்தால் ஒருபக்கம் இறங்கும். கொட்டகையில் கிடந்த இரண்டங்குலத் தடிமன் பலகையை ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அடியில் போட்டோம். பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. இதில் சோம்பல் கூடாது. தலை வண்டிக்கு அடியில் இருக்கிறது.

அப்புறம் வரிசை இதுதான்: சக்கரம், பிரேக் காலிப்பர், ஏபிஎஸ் ஒயர், டை ராட் எண்ட், மேல் பால் ஜாயிண்ட். காலிப்பரைக் கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷனில் கட்டித் தொங்கவிட வேண்டும், பிரேக் ஹோஸில் தொங்கக்கூடாது. மேல் பால் ஜாயிண்ட் விட்டதும் நக்கிள் (ஹப்பைத் தாங்கும் பாகம்) வெளியே சாய்ந்து கொடுக்கும். ஹப் நட்டை இரண்டு மரை அளவு மட்டும் மாட்டி வைத்து, பித்தளை ராடு கொடுத்துத் தட்டினால் ஆக்சில் ஹப்பிலிருந்து பின்வாங்கும். நட்டு இல்லாமல் நேராக இரும்புச் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கி அந்த ஆக்சிலே வீணாகிவிடும்.

உள் முனையை டிஃபரன்ஷியலில் இருந்து நெம்பி எடுக்கும்போது எண்ணெய் கொட்டும், அடியில் தட்டு வைக்க வேண்டும். எங்களுக்குக் கொட்டிய எண்ணெய் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தது. தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். தேடிப் பார்த்ததில் டிஃபரன்ஷியலுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாய் விட்டுப்போய், வாய் திறந்து கிடந்தது. சூடான டிஃபரன்ஷியல் வாய்க்கால் தண்ணீரில் இறங்கினால் உள்காற்று சுருங்கி வெளித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆக்சில் வேலைக்காகத் திறந்ததில் டிஃபரன்ஷியல் பிழைத்தது. புதுக் குழாயை என்ஜின் அறையின் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டினோம். எண்ணெய் மாற்றினோம். இரண்டு பக்க ஆயில் சீலும் புதிது. ஆக்சிலைக் கழற்றிவிட்டுப் பழைய சீலையே விடுவது நல்லதல்ல.

நகத்தில் படுகிறதா

ஆக்சிலை வைஸில் கடிக்கவைக்கும் முன் தாடைகளுக்கு நடுவே மரத்துண்டு வைத்தோம். ரப்பரை வெட்டி எறிந்தாயிற்று. கிரீஸின் நிறமே கதையைச் சொல்லியது. இடது வெளி ஜாயிண்ட்டில் கறுப்பு, வழவழப்பு. இடது உள் ஜாயிண்ட்டில் சாம்பல் நிறத்தில், தண்ணீர் கலந்து நுரைத்தது. வலது வெளி ஜாயிண்ட்டில் அது கிரீஸே இல்லை, களிமண் பசை. விரலில் தேய்த்தால் நறநறத்தது.

வெளி ஜாயிண்ட் என்பது ஒரு கிண்ணம், அதற்குள் ஷாஃப்டில் (நடுத் தண்டு) மாட்டும் உள் ரேஸ், இரண்டிலும் உள்ள தடங்களில் ஓடும் குண்டுகள், அவற்றை ஜன்னல்களில் பிடித்து நிற்கும் கேஜ் என்ற வளையம். அது ஷாஃப்டிலிருந்து கழன்று வர, உள் ரேஸின் மேல் பித்தளை ராடு வைத்து ஷாஃப்டின் நேர்க்கோட்டில் ஓங்கி ஓர் அடி. ஸ்ப்லைனுக்குள் (ஷாஃப்ட் முனையில் நீளவாக்கில் வெட்டிய பற்கள்) இருக்கும் சின்ன வளைய கிளிப் சுருங்கி விட்டுக்கொடுக்கும். கழற்றுவதற்கு முன் வெளிக் கிண்ணம், கேஜ், உள் ரேஸ் மூன்றிலும் ஒரே நேரில் வெள்ளை பெயின்ட் புள்ளி வைத்தோம். எந்தக் குண்டு எந்தத் தடத்தில் ஓடித் தேய்ந்ததோ அதே தடத்துக்குத் திரும்பப் போக வேண்டும். குண்டுகளை முட்டை அட்டையில் வரிசையாக வைத்துக்கொண்டேன்.

குண்டை எடுக்கும் விதம்: கேஜையும் உள் ரேஸையும் ஒருபக்கம் அழுத்திச் சாய்த்தால் எதிர்ப்பக்கக் குண்டு மேலே எட்டிப் பார்க்கும். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் வந்துவிடும். இப்படி ஆறும். பிறகு கேஜை நெட்டுக்குத்தலாகத் திருப்பி, அதன் பெரிய ஜன்னல்கள் கிண்ணத்தின் மேடுகளுக்கு நேராக வரும்படி வைத்தால் முழுசாக வெளியே வரும். முதல் முறை அரை மணி நேரம் போராட்டம்; கை பழகிவிட்டால் சட்டென்று முடியும்.

டீசலில் கழுவி, பிரஷ் போட்டு, பிரேக் கிளீனர் அடித்து, துணியால் துடைத்து, வெயிலில் வைத்துப் பார்த்தோம். இங்கேதான் தீர்ப்பு. நான் சத்தத்தை வைத்தே இரண்டு பக்கமும் புதிது போட்டுவிடலாம் என்றேன்.

“அண்ணே, பிரிச்சதே போதும், ரெண்டும் புதுசா வாங்கிட்டு வந்துடறேன்.”

“அவசரப்படாதீங்க தம்பி. கண்ணை மூடிக்கிட்டு நகத்தால தடத்தைத் தடவிப் பாருங்க. நகம் தட்டுச்சுன்னா புதுசு. வழுக்கிட்டுப் போச்சுன்னா அதுக்கு இன்னும் ஆயுசு இருக்கு.”

தடவிப் பார்த்தேன். இடது வெளி ஜாயிண்ட்டில் குண்டு ஓடிய தடங்கள் கண்ணாடி போல் மின்னின. நகம் எங்கும் நிற்கவில்லை. மினுமினுப்பு தேய்மானம் அல்ல, குண்டு ஓடிய அடையாளம்தான். ஆறு குண்டையும் வெர்னியரில் பல கோணங்களில் அளந்தேன், 0.02 மி.மீ. படிக்கும் கருவியில் வித்தியாசமே தெரியவில்லை. கேஜ் ஜன்னலில் குண்டை வைத்து ஆட்டினால் ஆடவில்லை. உள் ஜாயிண்ட்டில் லேசான துருக்கறை மட்டும். நைஸ் எமெரித் தாளில் எண்ணெய் தொட்டுத் தேய்த்ததும் போய்விட்டது, அடியில் குழி இல்லை.

வலது வெளி ஜாயிண்ட்டில் மூன்று தடங்களில் நகம் நின்றது. வண்டி முன்னோக்கிப் போகும்போது பாரம் தாங்கும் பக்கத்தில், குண்டு அதிகம் உட்காரும் இடத்தில், சின்னச் சின்னக் குழிகள். மேல்தோல் உரிந்திருந்தது. சிவி ஜாயிண்ட்டில் தடத்தின் மேற்பரப்பைத்தான் தனியாகக் கடினப்படுத்தியிருப்பார்கள். அது உரிந்துவிட்டால் எவ்வளவு நல்ல கிரீஸ் போட்டாலும் குழி பெருகிக்கொண்டே போகும்.

வெல்டிங் வைத்து நிரப்பிக் கடைந்து தருவதாக ஒரு லேத் பட்டறையில் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வெல்டிங் சூட்டில் சுற்றியிருக்கும் கடினத் தோலும் இளகிவிடும்; பிறகு அது சாதாரண இரும்பு. இன்னொரு பழைய வழி, இடது வலது ஜாயிண்ட்டுகளை மாற்றிப் போடுவது. பாரம் தாங்கும் பக்கம் மாறிவிடுவதால், தேயாத முகம் வேலைக்கு வரும். லேசான தேய்மானத்துக்கு நல்ல வழி, காசும் செலவில்லை. தோல் உரிந்து குழி விழுந்ததற்கு உதவாது. உதிர்ந்த துகள் மறுபக்கத்தையும் தின்றுவிடும்.

சரி, இடது கட்டலாம், வலது புதிது.

புதிது போட்ட அனுபவம்

கம்பெனி ஒரிஜினல் முழு ஆக்சில் ஒரு பக்கத்துக்கு முப்பதாயிரத்துக்கு மேல் சொன்னார்கள், அதுவும் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். வெளிச்சந்தை ஆக்சில் 9,500 ரூபாய், உடனே கிடைத்தது. குறுவை அறுவடை நெருங்கிவிட்டது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குச் சிப்பம் போக வேண்டும். 40 கிலோ சிப்பம் 25 ஏற்றினால் ஒரு டன், வண்டி சும்மா நிற்க முடியாது. வாங்கிப் போட்டோம்.

போடும் முன் பழையதோடு பக்கத்தில் வைத்து அளந்தேன். மொத்த நீளம் சரி. ஸ்ப்லைன் பற்கள் சரி, ஹப்பில் ஆட்டமில்லாமல் உட்கார்ந்தது. ஷாஃப்டின் தடிமன் மட்டும் பழையது 28 மி.மீ., இது 26. ரப்பரை விரலால் கிள்ளினால் மெல்லியதாகத் தெரிந்தது. கிளாம்ப் தகரம் போல இருந்தது. ரப்பரின் சின்ன வாயைத் திறந்து பார்த்ததில் கிரீஸும் குறைவாகத்தான் இருந்தது. நாங்களே நல்ல கிரீஸ் சேர்த்து அடைத்தோம்.

முதலில் சத்தமே இல்லை. சில வாரங்களில், 4-ஹையில் 50க்கு மேல் போனால் ஸ்டீயரிங்கில் நடுக்கம். தாளடி நடவு சமயம் பார்த்தால் ரப்பரின் மடிப்பு உச்சிகளில் வரிசையாக வெடிப்பு. அடைமழை தொடங்கியபோது கிரீஸ் கசிந்துவிட்டது, கார்த்திகையில் டக் டக் திரும்பி வந்தது. பழைய ஒரிஜினல் லட்சம் கிலோமீட்டருக்கு மேல் தாங்கிய வேலையை இது ஒரு பருவம் கூடத் தாங்கவில்லை.

கழற்றிப் பிரித்துப் பார்த்தபோது காரணம் கேஜில் தெரிந்தது. ஜன்னல் விளிம்புகள் குண்டு இடித்து இடித்துப் பிதுங்கியிருந்தன. விரலால் தள்ளினாலும் அசையாமல் நிற்க வேண்டிய குண்டு ஜன்னலில் தொளதொளவென ஆடியது. பழைய ஒரிஜினல் கேஜில், அத்தனை சேறு புகுந்த பிறகும், அந்த ஆட்டம் இல்லை. தடத்தில் குழி இன்னும் வரவில்லை, ஆனால் கேஜ் போனால் குண்டுகள் ஒரே தளத்தில் நிற்காது, நடுக்கம் அங்கிருந்துதான். எல்லா வெளிச்சந்தை ஆக்சிலும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன். தார் ரோட்டில் மட்டும் ஓடும் வண்டிக்கு அது போதுமானதாக இருக்கலாம். ஒரு டன் ஏற்றிக்கொண்டு தொழியில் புதைந்து, 4-லோவில் (4 வீலின் மெதுவான, இழுவை கூடிய கியர்) நெம்பி எழும் வண்டிக்குப் போதாது.

புதுப்பேட்டையில் தேடியது

அடுத்து சென்னை புதுப்பேட்டை. உடைக்கப்பட்ட வண்டிகளின் பாகங்கள் கிடைக்கும் இடம். போகும்போது பழைய ஆக்சிலையே சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அளவைச் சொல்லிக் கேட்பதைவிடப் பொருளைக் காட்டிக் கேட்டால்தான் அங்கே வேலை நடக்கும்.

பார்க்க வேண்டியது ரப்பரை அல்ல. அது எப்படியும் வெட்டி எறியப் போவது. ரப்பர் கிழிந்து, உள்ளே காய்ந்து துருவேறிக் கிடப்பதை எடுக்கக் கூடாது. முழு ரப்பரோடு, கசிந்த கிரீஸோடு அழுக்காக இருப்பது நல்லது. வெளி ஜாயிண்ட்டை எல்லாப் பக்கமும் மடக்கி மெதுவாகச் சுழற்ற வேண்டும்; எங்காவது பல்லில் மாட்டுவது போல் தட்டினால் வேண்டாம். ஷாஃப்டை ஒரு கையில், கிண்ணத்தை மறு கையில் பிடித்து முறுக்கினால் ஆட்டம் தெரியும். ஸ்ப்லைன் பற்கள் நேராக ஓடுகின்றனவா, முறுக்கேறியிருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஹப் நட் மரையில் ஒரு நட்டைக் கையால் ஓட்டிப் பார்க்க வேண்டும். கடைக்காரர் ரப்பரை அங்கேயே வெட்டிப் பார்க்கச் சம்மதித்தார், தடம் சுத்தம். 6,500 ரூபாய்க்கு முடிந்தது.

கட்டுவது

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இரண்டு ஆக்சிலுக்கும் நான்கு ஜாயிண்ட். நான்குக்கும் ஒரிஜினல் பூட் கிட் வாங்கினேன். ரப்பர், இரண்டு கிளாம்ப், கிளிப், கிரீஸ் பாக்கெட் எல்லாம் அதில் வரும். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கும் இழுத்து மாட்டும் ரப்பரும், ஆக்சிலைக் கழற்றாமலே ஒட்டி மாட்டும் இரண்டாகப் பிளந்த ரப்பரும் கடையில் உண்டு. பிளந்த ரப்பரின் ஒட்டு, களிமண் இடுக்கில் புகுந்து காய்ந்தால் பிரிந்துகொள்ளும். அவசரத்துக்கு வீடு வந்து சேர உதவும்.

ரப்பரை ஷாஃப்டில் ஏற்றுவதற்கு முன் ஸ்ப்லைன் மேல் இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று சுற்றினோம். பற்களின் கூர்மை புது ரப்பரின் உள்வாயைக் கீறிவிடும், கண்ணுக்குத் தெரியாது, மூன்று மாதத்தில் கசியும். சின்ன கிளாம்பை முதலில் உள்ளே போட மறக்கக் கூடாது. பலரும் ரப்பரை மாட்டிவிட்டுத் திரும்பக் கழற்றுவது இதனால்தான்.

கிரீஸ், குண்டு ஜாயிண்ட்டுக்கான மாலிப்டினம் கலந்த கறுப்புக் கிரீஸ்தான். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் வேண்டாம். கிட்டில் வந்த பாக்கெட்டின் பாதியைக் குண்டுகளுக்கு நடுவிலும் தடங்களிலும் விரலால் அமுக்கி ஏற்றி, ஜாயிண்ட்டை எல்லாப் பக்கமும் மடக்கிச் சுழற்றி உள்ளே இறங்கவிட்டு, மீதியை ரப்பருக்குள் விட்டோம். நிறையப் போட்டால் நல்லது என்ற எண்ணம் தவறு. ரப்பர் முழுக்கத் திணித்தால் சுற்றும்போது உள்ளழுத்தம் ஏறிக் கிளாம்பைத் தள்ளும். உள் ஜாயிண்ட்டில் குண்டுக்குப் பதில் மூன்று உருளை இருக்கும் வண்டிகளும் உண்டு; அதற்குக் கிரீஸ் வேறு, கிட்டில் எது வருகிறதோ அதையே போட வேண்டும்.

வெளி ஜாயிண்ட்டை ஷாஃப்டில் ஏற்ற, புது வளைய கிளிப்பைக் கொஞ்சம் கிரீஸ் வைத்து நடுவில் நிறுத்திவிட்டு, மரச் சுத்தியலால் கிண்ணத்தின் நுனியில் ஒரு தட்டு. ‘டக்’ என்று உட்காரும். பிறகு இழுத்துப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

அடுத்து காற்று. ரப்பரின் சின்ன வாயை அதன் பள்ளத்தில் உட்காரவைத்து, ஆக்சிலை வண்டியில் இருக்கும் இயல்பான நீளத்தில் வைத்து, வாய்க்கு அடியில் மழுங்கிய சின்ன ஸ்குரூ டிரைவரை நுழைத்தால் ‘புஸ்’ என்று காற்று வெளியேறும். ரப்பர் உப்பாமலும் உள்வாங்காமலும் தன் வடிவத்துக்கு வரும். அந்த நிலையில்தான் கிளாம்ப் இறுக வேண்டும். உள்வாங்கிய மடிப்பு ஷாஃப்டில் உரசி ஓட்டையாகிவிடும்.

கிளாம்பை இறுக்க, அதன் காதை அழுத்தி மடக்கும் காது கிளாம்ப் பிளேயர் ஒன்று 650 ரூபாய்க்கு வாங்கினேன். இந்த வேலைக்குச் செலவழித்த காசில் எனக்கு அதிகத் திருப்தி தந்தது இதுதான். கட்டுக்கம்பி முறுக்கினால் ஒரு பக்கம் மட்டும் அழுந்தும், ஹோஸ் கிளாம்ப் போட்டால் அதன் திருகுத்தலை சுற்றும்போது எங்காவது இடிக்கும். துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்ப் கேட்டு வாங்கினேன், உப்புத் தண்ணீருக்காக.

வண்டியில் ஏற்றும்போது, ஆயில் சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, ஆக்சிலின் பாரம் சீல் மேல் விழாதபடி தாங்கிப் பிடித்து நேராகத் தள்ள வேண்டும். இருவர் இருந்தால் நல்லது. ஹப் நட் புதிது, மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சில். சக்கரம் தரையில் நின்ற பிறகுதான் கடைசி இறுக்கம். ஸ்பேசர் கழற்றியதால் உயரம் மாறிவிட்டது, வீல் அலைன்மெண்ட் கட்டாயம்.

செலவு

பூட் கிட் நான்கும் சேர்த்து 5,800. புதுப்பேட்டை ஆக்சில் 6,500. ஆயில் சீல், ஹப் நட், கிளாம்ப் எல்லாம் 1,700. ஜிஎல்-5 கியர் ஆயில் 800. பிளேயர் 650. அண்ணனுக்கு 4,000, அலைன்மெண்ட் 900. ஆக 20,350 ரூபாய். வெளிச்சந்தை ஆக்சிலுக்குக் கொடுத்த 9,500 தனி. அந்தப் பணத்தில் பாதிக்கு மேல் இன்னொரு பழைய ஒரிஜினல் வாங்கி முன்கூட்டியே கட்டி வைத்திருக்கலாம்.

என் கணக்கு இப்போது தெளிவு. நகம் தட்டாத ஒரிஜினலைக் கட்டியே ஓட்ட வேண்டும். நகம் தட்டினால் நல்ல பழைய ஒரிஜினல், கிடைக்காவிட்டால் கம்பெனியிலேயே புதிது. வெளிச்சந்தை ஆக்சில், வேறு வழியே இல்லாத அவசரத்துக்கு மட்டும்.

அடுத்த முறை மாற்றப் போவது சில உண்டு. ரப்பர் பார்ப்பதை மழைக்கு விடாமல், மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்னாலேயே, காய்ந்த களத்தில் 4-ஹை வட்டம் அடித்து முடித்துவிட வேண்டும். பண்ணைக் கரையிலிருந்து திரும்பியதும் முன் அடிப்பாகத்துக்கு நல்ல தண்ணீர் அடிக்க வேண்டும். பிரஷர் வாஷரின் முனையை ரப்பரின் வாய்க்கு நேராகப் பிடிக்கக்கூடாது, தண்ணீர் உள்ளே போய்விடும். கயிறு சுற்றாமல் இருக்க கீழ் ஆர்மில் ஒரு தகட்டு மறைப்பு வைக்கலாமா என்று அண்ணனோடு பேசிக்கொண்டிருக்கிறேன். ஸ்டீயரிங் முழுக்க ஒடிந்தாலும் ரப்பரில் படாத அளவுக்கு இடம் இருக்கிறதா என்று அட்டையில் வெட்டி வைத்துப் பார்க்க வேண்டும். இடதுபக்கம் கீழ் பால் ஜாயிண்ட்டில் லேசான ஆட்டம் தெரிகிறது. அதைக் கழற்றும் நாளில் அந்த அட்டையையும் வைத்துப் பார்த்துவிடலாம்.